மாடிச் சுவரில் நாலு பூச்சு

என் அன்பு அத்தானுக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிறது. சபை இதழில் உங்கள் படத்துக்குக் கீழே அரைப்பக்கம் இடம் தந்திருக்கிறார்கள். உங்களைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதச் சொல்கிறார் மருமகன். எனக்கோ உங்களிடம் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது. அதனால் உங்களுக்கே எழுதுகிறேன், ஊர் வாசித்தால் வாசிக்கட்டும்.

நம்ம ஷீபா பிரசவத்துக்கு வந்தாள். மாடி அறைதான் அவளுக்கு. கீழே இருக்கும் விறகடுப்பின் புகைக்கூண்டு அந்த அறைச் சுவரை ஒட்டித்தானே மேலே போகிறது? துபாயிலிருந்து வந்த வருஷம், கொத்தனாரை நம்பாமல் நீங்களே கட்டியது. அன்றிலிருந்து அறையில் புகை நாறுகிறது என்று நான் சொல்ல, "ஏட்டி, நான் கெட்டுன சுவருல புகை வராது. ஒனக்கு மூக்குலதான் கோளாறு" என்பீர்கள். இருபது வருஷமும் இதே சண்டை.

"அம்மா, பச்சப்பிள்ளைக்குப் புகையே ஆவாதுன்னு டாக்டர் சொல்லியாச்சு. அந்த அடுப்ப இடிச்சுப் போடுங்க" என்றாள் ஷீபா. இடித்துவிட்டு? பிரசவித்தவள் நாற்பது நாள் குளிக்கப் பச்சிலை போட்ட வேதுத் தண்ணீர் வேண்டாமா? அந்தப் பெரிய செம்புப் பானையை ஏற்றினால் கேஸ் அடுப்பே சரிந்துவிடும். எனக்கு அடுப்பும் வேண்டும், பிள்ளைக்கு நல்ல காற்றும் வேண்டும்.

ஸ்டீல் வேலை செய்கிற செல்வினைக் கூப்பிட்டேன். கூண்டின் வாயை மேலே ஈரச்சாக்கால் மூடிவிட்டு, கீழே அடுப்பில் தேங்காய் மட்டையைப் போட்டுப் புகை மூட்டினான். மாடியில் உங்கள் அலமாரிக்குப் பின்னாலிருந்து குபுகுபுவென்று வந்தது பாருங்கள்!

அலமாரியை நகர்த்தினோம். நீளமாக ஒரு விரிசல், அதன்மேல் சிமெண்ட். "எக்கா, பாத்தியளா? நாலு பூச்சு இருக்கு. ஒரே நாள்ல பூசுனது இல்ல. ஆரோ விட்டு விட்டுப் பூசியிருக்காவ" என்றான் செல்வின். கீழே கிடந்தது என்ன தெரியுமா? காணாமல் போன என் தோசைக்கரண்டி, சிமெண்ட் காய்ந்துபோய். அதை உங்கள் தங்கச்சிதான் எடுத்துக்கொண்டு போனாள் என்று எத்தனை வருஷம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன்! எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மத்தியானம் தூங்கப் போகிறேன் என்று கதவைச் சாத்திக்கொண்டு இந்த வேலைதான் பார்த்தீர்களா? என்னிடம் ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும் அத்தான்?

கூண்டை இடிக்கவில்லை. உள்ளே துருப்பிடிக்காத ஸ்டீல் குழாய் இறக்கினான். நேர்க்குழாய் பாதியில் நின்றுவிட்டது. "அண்ணன் இங்கன வளச்சில்லா கெட்டியிருக்காவ!" என்று தலையில் கை வைத்தான். வளைந்துகொடுக்கிற குழாய் வாங்கிவந்து, கயிறு கட்டி மேலிருந்து மெல்ல இறக்கி, அடுப்போடு சேர்த்து, மழை விழாமல் உச்சியில் மூடி மாட்டினான். பழைய விரிசலையும் அடைத்தான். அடுப்பு மூட்டிப் பார்த்தோம், மாடிக்கு ஒரு பொட்டுப் புகை வரவில்லை.

உங்களுக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். வீட்டுக்கு வந்த மறுநாள், செம்பில் வேதுத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்போது மாடிக்குப் போய்ச் சுவரோடு முகத்தை வைத்துப் பார்த்தேன். பவுடர் மணம்தான் வந்தது. தாயும் பிள்ளையும் அயர்ந்து தூங்கினார்கள். மனசு நிறைந்துவிட்டது. ஜெயித்தது நான்தான் அத்தான், சொல்லிக்காட்டத்தான் நீங்கள் இல்லை.

வருஷா வருஷம் மழைக்கு முன்னால் அந்தக் குழாயைச் சுத்தம் பண்ணிவிடுவேன். பேத்திக்கு விவரம் தெரியும்போது, அவள் தாத்தா தப்பே செய்யாதவர் என்று பொய் சொல்ல மாட்டேன். என்னிடம் தோற்கவும் மனசில்லாமல், என்னைப் புகையில் விடவும் மனசில்லாமல் கிடந்த மனுஷன் என்று உள்ளதைச் சொல்வேன்.

அம்மாச்சி ஆகிவிட்ட
உங்கள் வீட்டுக்காரி,
எஸ்தர்