இடி நேரத்தில் அடித்த போன்

என் கோபக்காரிக்கு,

இன்று சாயங்காலம் நீ கூப்பிட்டபோது நான் வீட்டில்தான் இருந்தேன். வீட்டு போனில் கூப்பிட உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

அப்போது இங்கே இடியும் மழையுமாக வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது. முதல் இடிக்கே தலையில் சோப்பு நுரையோடு குளியலறையை விட்டு ஓடிவந்து, ஜன்னலிலிருந்து தள்ளி உட்கார்ந்துவிட்டேன். "இடி இடிக்கும்போது குழாயத் தொடாதீங்க, வயர் போனத் தொடாதீங்க, மின்னல் அது வழியா உள்ள வந்துரும்" என்று கத்துவாயே, அந்தக் குரல்தான் காதில். போன் அடித்து ஓயும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீம்பில் எடுக்கவில்லை என்று நினைத்துவிடாதே. நீ கோபித்துக்கொண்டு போனதிலிருந்து அந்த மணிக்காகத்தான் காத்திருந்தேன்.

இப்போது வானம் தெளிந்துவிட்டது. நானே கூப்பிடலாம்தான். ஆனால் நீ எடுக்காவிட்டால், இடியின் மேல் பழி போட முடியாதே.

தலையை இன்னும் அலசாத,
உன் வீட்டுக்காரன்