யாழினி போட்ட பூஜ்யம்

ஜனவரி 9, வியாழன்
இன்று எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கரப்பான் என்னும் தோல் அரிப்பு நோய்க்காக ஒன்பது பிள்ளைகள் வந்தார்கள். தங்கள் தோலைத் தாங்களே பார்த்து எண் போடும் தாள் நன்றாகவே ஓடுகிறது. எத்தனை நாள் அரித்தது, எத்தனை நாள் தூக்கம் கெட்டது என்று ஏழு கேள்விகள். மொத்தம் குறையக் குறைய நல்லது. ஐந்துக்குக் கீழே வந்தால் சிவப்புப் பேனாவால் ஸ்டார் போடுகிறேன். என் யோசனைதான்! டாக்டரே மெச்சினார்.

மேல்சித்தாமூர் யாழினிக்கு மூன்றாவது வாரமாகப் பூஜ்யம். பத்தாம் வகுப்புக்காரி, பொறுப்பானவள். டாக்டர் மருந்தைக் குறைத்துவிட்டார்.

ஜனவரி 16
காணும் பொங்கல். பக்கத்து மலைக் கோட்டையைச் சுற்றிப் பார்க்கப் போனேன், நல்ல கூட்டம். யாழினியும் அவள் அம்மா தர்மவதியும் வந்திருந்தார்கள். அந்த வெயிலிலும் பெண்ணுக்கு முழுக்கைச் சுடிதார், முழங்கை மடிப்பில் ரத்தப் பொட்டு.

"ராவெல்லாம் சொறியறா சிஸ்டர், தூங்கறதே இல்ல" என்றார் தர்மவதி.

"அப்ப பூஜ்யம் ஏம்மா போட்ட?" என்று யாழினியைக் கேட்டேன்.

"கம்மியா போட்டா ஸ்டார் தரீங்க. நெறைய போட்டவங்க தாள ஒண்ணுமே சொல்லாம மடிச்சு வச்சிடறீங்க."

சே. பொய் சொல்லக் கற்றுக்கொடுத்ததே நான்தானா? அந்தப் பூஜ்யத்தை நம்பி மருந்து வேறு குறைந்திருக்கிறது.

ஜனவரி 17
சிவப்புப் பேனா குப்பைக்குப் போயிற்று.

ஜனவரி 23, வியாழன்
டாக்டரிடம் என் தப்பைச் சொன்னேன். சிரித்தார். திட்டியிருந்தால் தேவலாம்.

பிள்ளைகளிடம் சொன்னேன்: "இது பரீட்சை மார்க் இல்லப்பா. காய்ச்சல் நூத்திரண்டுன்னா யாராச்சும் வெட்கப்படுவோமா?" ஆளுக்கொரு கைக்கண்ணாடி கொடுத்தேன். முழங்கால் மடிப்பு, கழுத்தின் பின்பக்கம் எல்லாம் அவர்களே பார்க்கட்டும்.

யாழினி வெகுநேரம் பார்த்தாள். இருபத்தொன்று. தாளைக் கவிழ்த்துக் கொடுத்தாள். "கரெக்டா பாத்திருக்க" என்றேன். டாக்டர் மருந்தை மாற்றினார்.

பிப்ரவரி 6
யாழினிக்குப் பதினான்கு. ராத்திரி தூங்குகிறாளாம். எனக்கும் தூக்கம் வருகிறது.

பிப்ரவரி 20, வியாழன்
அரைக்கைச் சட்டையில் வந்தாள். முழங்கை எவ்வளவு சுத்தம்! தாளை வாங்குமுன் சீண்டினேன்: "இன்னா, இன்னிக்கு நாலா?"

"இல்ல சிஸ்டர், எட்டு. கழுத்துக்குப் பின்னாடி நீங்க பாக்கவே இல்லியே. செவ்வாக்கெழம தூக்கமும் இல்ல."

முடியை ஒதுக்கிக்கொண்டு திரும்பி நின்றாள். பார்த்தேன். எட்டுதான்.