பிடுங்கச் சொன்னவர்

1978 மார்ச் 14, செவ்வாய்

குரங்கணிக்கு மேலே தவசி அண்ணன் தோட்டத்தில் இன்று முப்பத்தெட்டு ஏலக்காய்த் தூர்களைத் தோண்டி எடுத்தோம். எல்லாம் கட்டே நோய் கண்டவை. இலையில் வெளிறிய கோடு விழுந்துவிட்டால் அந்தத் தூர் தேறாது. செடிப்பேன் வழியாகப் பக்கத்துச் செடிக்கும் பரவும். மருந்து கிடையாது, பிடுங்கத்தான் வேண்டும். ஆராய்ச்சிக்கு வந்த தெய்வசிகாமணி சார் இதைத்தான் ஒன்பது வருடமாக மலை முழுக்கச் சொல்லி வருகிறார். நான் அவரிடம் தினக்கூலி உதவியாள்.

அண்ணன் மனைவி மூக்கம்மாள் மண்ணை வாரி சார் மேல் எறிந்தாள். "பச்சையா நிக்கிறதப் புடுங்குறியே, நீ வெளங்குவியா?"

சார் சட்டையைக்கூடத் தட்டவில்லை. இறங்கும்போது கேட்டேன், ஏன் பேசாமல் நின்றீர்கள் என்று. "புதுச் செடி காய்க்க மூணு வருசம் ஆகும் கன்னையா. அதுவரைக்கும் அந்தம்மா என்ன சாப்பிடும்?" என்றார்.

ஜூலை 2

நல்ல மழை. நோயில்லாத நாற்று நானூறு கொண்டுபோனோம். சாரும் ஒரு கூடையைத் தலையில் வைத்து ஏறினார். மூக்கம்மாள் முன்னாடியே குழி வெட்டி வைத்திருந்தாள்.

1979 நவம்பர் 20

சார் போய்விட்டார்.

மூன்று நாள் காய்ச்சலோடு மேலே நாற்றங்கால் குடிசையில் கிடந்திருக்கிறார். மழையில் ஜீப்பு ஏறவில்லை. போர்வையில் டோலி கட்டி, நானும் தவசி அண்ணனும் இன்னும் இரண்டு பேரும் தூக்கினோம். வழியெல்லாம் வழுக்கல். "வெரசா, வெரசா" என்று அண்ணன் கத்திக்கொண்டே வந்தார். கொட்டகுடி ஆற்றில் வெள்ளம், ஒரு மணி நேரம் கரையிலேயே நின்றோம். அங்கேதான் — கையப் பிடிச்சுக்கிட்டுத்தானே இருந்தேன். எப்பப் போச்சு உசுரு? தெரியலையே.

1980 மே 5

அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. நாற்றங்காலை மூடியாயிற்று. என்னையும் நிறுத்திவிட்டார்கள்.

1981 செப்டம்பர் 13

புதுச் செடியில் முதல் காய் பறித்துத் தவசி அண்ணன் கொண்டுவந்தார், மூக்கம்மாளோடு. "சாரு போட்டோ இருந்தாக் குடு, முன்னால வச்சுக் கும்பிடணும்." என்னிடம் இல்லை. போடியில் நாலு இடத்தில் விசாரித்தேன், யாரிடமும் இல்லை. பத்து வருடம் இந்த மலையில் ஏறி இறங்கிய மனிதனுக்கு ஒரு படம் இல்லை.

"என்ன வார்த்தை சொல்லிப்புட்டேன் அவர" என்று மூக்கம்மாள் அழுதாள்.

1984 ஆகஸ்ட் 27

போடியில் பூச்சிமருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். இரண்டு பிள்ளைகள், வேறு என்ன செய்ய?

இன்று தவசி அண்ணன் வந்தார். பக்கத்துத் தோட்டத்திலிருந்து கட்டே மறுபடி ஏறிவிட்டதாம், பத்துப் பன்னிரண்டு தூரில். "போன வருசம் வறட்சி, இந்த வருசம் இது. புடுங்காமக் காப்பாத்த மருந்து எதுவும் வந்திருக்கா கன்னையா?"

முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடிச்சுப் பாருங்கண்ணே" என்றேன்.

மூன்று டின் வாங்கிப் போனார். பின்னாலேயே ஓடிச் சொல்லியிருக்கலாம். ஓடவில்லை.

1985 மார்ச் 9

தவசி அண்ணன் கடைக்கு வந்தார். தோட்டம் முழுக்கப் பரவிவிட்டது. சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். அவர் கடைவாசலில் குந்திக்கொண்டு மெதுவாகத்தான் சொன்னார்: "நீ சாரோட இருந்தவன். நீ சொன்னா அவரு சொன்ன மாதிரின்னு நெனச்சுட்டேன்யா."

என்னை அடித்திருக்கலாம் அவர்.

"மருந்தே இல்லண்ணே. தெரிஞ்சுதான் வித்தேன்" என்றேன். முதலாளிக்கும் கேட்டது. நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

மார்ச் 11

முதல் பஸ்சில் போனேன். மூக்கம்மாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்று பேரும் பொழுது சாயும்வரை தோண்டினோம். பாதிகூட முடியவில்லை. நாற்றுக்கு எங்கே போவது என்று அண்ணன் கேட்டார். தெரியவில்லை என்றேன். நாளையும் போக வேண்டும்.