இவருக்காகப் பேசுற டேப்லெட்

மார்ச் 3, திங்கள்

விடியக்காலையில இருந்து மழை. துணி காயல. செம்பனை எண்ணெய் ஆலை வாடை வீடு பூரா.

நேத்து எங்க பொண்ணு கவிதா, வேலை செய்ற புக்கிட் பெருந்துங்ல இருந்து வந்தா. கையில புது டேப்லெட். "நீங்க எழுதுங்கப்பா, அது பேசும்."

இவருக்குத் தொண்டையில ஆப்பரேஷன் முடிஞ்சு ரெண்டு மாசம். புற்றுநோய். குரல்வளையையே எடுத்துட்டாங்க. உயிர் பொழைச்சாரு, குரல் போச்சு. இதுவரைக்கும் ஏதாவது வேணும்னா கரண்டியால டம்ளரைத் தட்டுவாரு. ஓடிப் போய் நிப்பேன். ஜாடை புரியாது. அப்புறம் ரெண்டு பேருக்கும் கோவம்.

சரி, டேப்லெட். கனமில்ல. எழுத்து பெருசு, கண்ணாடி போடாமலே படிக்க முடியுது. வெயில்ல கொண்டு போனா என் மூஞ்சிதான் தெரியுது. இவர் விரல் பட்டா மட்டும் கேக்க மாட்டேங்குது. லோரி ஸ்டீயரிங் புடிச்சே காய்ச்சுப் போன விரல். ஈரத்துணியில தொட்டுட்டு அமுக்கினா கேக்குது. பக்கத்துல ஒரு ஈரத்துணி வெச்சாச்சு.

மார்ச் 4, செவ்வாய்

மத்தியானம் சாப்பிடும்போது ரொம்ப நேரம் எழுத்தைத் தேடித் தேடி அமுக்கினாரு. என்னமோ பெருசா சொல்லப் போறாருன்னு காத்திருந்தேன்.

"கொழம்புல உப்பு இல்ல."

பொம்பளைக் குரல். டிவியில செய்தி வாசிக்கிற மாதிரி, அவ்வளவு மரியாதையா. சிரிச்சுச் சிரிச்சு எனக்குப் புரையேறிடுச்சு. அவரும் சிரிச்சாரு. சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும்.

ஆம்பளைக் குரலும் இருக்கு. மாத்திப் பார்த்தோம். யாரோ வேத்து ஆள் வீட்டுக்குள்ள வந்து என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுற மாதிரி இருந்துச்சு. "இது வேணாங்க"ன்னேன். அவரும் உடனே மாத்திட்டாரு. செய்திக்காரியே இருக்கட்டும்.

நாளைக்கு: மருந்து வாங்கணும். ஈரத்துணி இன்னொண்ணு.

மார்ச் 6, வியாழன்

வெயில். சாயங்காலம் டேப்லெட்டைத் தூக்கிட்டு, கூட்டாளிங்க டீ குடிக்கக் கூடுற ஒட்டுக்கடைக்குப் போனாரு. ஆப்பரேஷனுக்கு அப்புறம் இன்னைக்குத்தான் முதல் தடவை. சட்டையெல்லாம் தேய்ச்சுப் போட்டுக்கிட்டுப் போனாரு.

சீக்கிரமே வந்துட்டாரு. முகம் சரியில்ல. டேப்லெட்டை அலமாரி மேல வெச்சுட்டுப் படுத்துட்டாரு.

கூட லோரி ஓட்டின முனியாண்டி அண்ணன் பின்னாடியே வந்து வாசல்ல நின்னு சொன்னாரு. "யாரும் ஒண்ணும் சொல்லல தங்கச்சி. பந்து வெளையாட்டு பத்திப் பேசிக்கிட்டு இருந்தோம். அவன் எழுதி முடிக்கிறதுக்குள்ள பேச்சு வேற எங்கயோ போயிடுச்சு லா. அது திடீர்னு பந்தைப் பத்திப் பேசுச்சு. எல்லாரும் கப்புனு அடங்கிட்டோம். அதான்."

அந்த அமைதியில இவர் எப்படி உட்கார்ந்திருப்பாரு.

மார்ச் 7, வெள்ளி

மறுபடியும் கரண்டி, டம்ளர். டேப்லெட் அலமாரி மேலயே.

என் தம்பி ராஜா வந்தான். ஞாயித்துக்கெழம சுங்கை சோவுல இருந்து கவிதாவைப் பொண்ணு கேட்டு வர்றாங்க. பையன் சரவணன், அவகூட வேலை செய்றவன். ரெண்டு பேருக்கும் புடிச்சுப் போச்சு, பெரியவங்க பேசினா சரி.

"நீங்க சும்மா உட்காருங்க மச்சான். மாமன் நான் பேசிக்கிறேன்"னான் ராஜா. நல்ல மனசுலதான் சொன்னான். இவர் தலையை ஆட்டினாரு. சரிங்கிறாரா வேணாங்கிறாரான்னு எனக்கே புரியல.

மார்ச் 8, சனி

ரவை, முந்திரி, வாழை இலை. நாற்காலி பக்கத்து வீட்டுல நாலு.

காலையில எழுந்து பார்த்தா அலமாரி மேல டேப்லெட் இல்ல. இவர் பின்னாடி துணி காயப் போடுற இடத்துல நிழல்ல உட்கார்ந்து எழுதிக்கிட்டு இருக்காரு. நான் கிட்டப் போனதும் நெஞ்சோட கவுத்துக்கிட்டாரு. எழுதுறாரு, அழிக்கிறாரு, மறுபடியும் எழுதுறாரு. நானும் கேக்கல. டீ வெச்சுட்டு வந்துட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

வந்தாங்க. ஆறு பேர். பையனோட அப்பா வாட்டசாட்டமான ஆளு, தோட்டத்துல ஆளுங்களை வேலை வாங்குற மண்டோரா இருந்தவராம். கேசரி நல்லா வந்துச்சு.

ராஜா பேசத் தொடங்கினான். இவர் அவன் தொடையில லேசாத் தட்டினாரு. ஈரத்துணியில விரலைத் துடைச்சாரு, அமுக்கினாரு.

"வாங்க. நான் கவிதாவோட அப்பா. என் குரல் போயிடுச்சு, இதுதான் இப்போ பேசுது. உங்க பையனை எங்களுக்குப் புடிச்சிருக்கு. ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும். என் பொண்ணு சத்தமா சிரிப்பா. தெருக்கோடி வரைக்கும் கேக்கும். அதை மட்டும் அடக்கச் சொல்லாதீங்க."

முதல்ல எல்லாரும் டேப்லெட்டைத்தான் பார்த்தாங்க. பையனோட அப்பா மட்டும் பாதியிலயே இவர் முகத்துக்குத் திரும்பிட்டாரு. கடைசி வரைக்கும் இவரைப் பார்த்தே கேட்டாரு. அப்புறம் எழுந்து வந்து இவர் கையைப் புடிச்சுக்கிட்டாரு. "எங்க வீட்டுலயும் யாரும் மெதுவா சிரிக்க மாட்டோம் சம்பந்தி."

சம்பந்தின்னுட்டாரு. கவிதா சமையல்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதா.

அவங்க போனப்புறம் பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தேன். முன் ரூம்ல இருந்து செய்திக்காரி குரல்.

"மல்லிகா. நான் நல்லா பேசினேனா?"

கையைத் துடைச்சுட்டுப் போனேன். சட்டைகூட மாத்தாம அதே நாற்காலியில உட்கார்ந்திருந்தாரு. நல்லா பேசினீங்கன்னேன். மறுபடியும் அதையே அமுக்கினாரு. பக்கத்துல உட்கார்ந்து மறுபடியும் சொன்னேன்.