முளைக்காத பல்

என் மதிப்புக்குரியவருக்கு,

உங்கள் மனைவி எழுதுவது. நானும் மகளும் நலம். நீங்கள் நலமா என்று கேட்டுப் பதில் வந்து வெகுநாளாயிற்று. இருந்தாலும் கேட்காமல் கடிதத்தைத் தொடங்க எனக்குத் தெரியவில்லை.

நம் வாலுவைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஞாபகம் இருக்கிறதா? ஆறு வருஷத்துக்கு முன்னால், அவளுடைய ஏழு வயதில், நீங்கள் கிளம்பிய அன்று, பெட்டியை வாசலில் வைத்துவிட்டு, கைக்குட்டையால் பிடித்து அவளுடைய முன்வரிசைப் பால்பல்லை ஒரே இழுப்பில் எடுத்தீர்கள். அழுதவளிடம், "புதுப் பல் முளைக்கறதுக்குள்ள அப்பா வந்துடுவேன்" என்றீர்கள். நீங்கள் போகிறபோக்கில் சொன்னதை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். தினமும் கண்ணாடி முன்னால் நின்று ஈறைத் தடவிப் பார்ப்பாள். "உங்கப்பா மாதிரி அதுவும் சோம்பேறி, மெதுவாத்தான் வரும்" என்று நானும் சிரித்து மழுப்பிக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மா எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, அங்கே பல்லே இல்லை என்றார். சிலருக்குப் பிறவியிலேயே அப்படித்தானாம். நீங்கள் பிடுங்கியதால் இல்லை, மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பக்கத்துப் பற்கள் சாய்ந்து அந்த இடத்தைப் பாதி அடைத்துவிட்டன. கம்பி கட்டி அவற்றை நகர்த்தி இடம் உண்டாக்க வேண்டும். பிறகு எலும்பில் திருகு பதித்து, அதன்மேல் பல் வைப்பார்களாம். வளர்கிற வயதில் வைத்தால் மற்ற பற்கள் இறங்கிவர, அது மட்டும் மேலேயே நின்றுவிடுமாம். அதனால் வளர்ச்சி முடியும்வரை அந்த இடத்தை மூடவிடாமல் காக்க வேண்டும்.

வாலு எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கடைசியில், "நல்லாப் பாருங்க டாக்டர், அடியில எங்கயாவது இருக்கும்" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். ஒரு பல்லுக்கா இப்படி என்று டாக்டரம்மா திகைத்துப்போனார். திரும்பி வரும்போது பஸ்ஸில், "அப்ப அப்பா வரமாட்டாரா?" என்று கேட்டாள். பல்லுக்கும் அப்பாவுக்கும் என்னடி சம்பந்தம் என்று அதட்டிவிட்டேன். அதட்டியிராவிட்டால் அவளோடு சேர்ந்து நானும் அழுதிருப்பேன்.

இப்போது கம்பி கட்டியாயிற்று. வலியில் எதையும் மெல்ல முடியவில்லை, கரைத்துக் கொடுப்பதைத்தான் குடிக்கிறாள்.

அங்கே உங்களுக்கு என்ன கஷ்டமோ, யார் துணையோ, நான் கேட்கப்போவதில்லை. வரமாட்டீர்கள் என்றால் அதை உங்கள் கையால் அவளுக்கு எழுதிவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதத்தை எடுத்தேன். என் வாயால் அதைச் சொல்ல முடியவில்லை.

பாதி எழுதும்போதே பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். "பல்லு வைக்க இன்னும் நாலஞ்சு வருஷம் ஆகுமாம், அதுக்குள்ள வந்தாப் போதும்னு அப்பாவுக்கு எழுதும்மா" என்கிறாள்.

எழுதிவிட்டேன். எங்கிருந்தாலும் நல்லபடியாக இருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா