தடுத்த சொல்

ஜூன் 12, வெள்ளி

வார அறிக்கையைக் கொடுத்தாயிற்று. கணினி அறையில் தடை செய்த சொல்லை யார் தட்டினாலும் பக்கம் திறக்காது, என் திரையில் சிவப்பாகக் காட்டும். சொல்லையும் மாணவர் பெயரையும் தலைமையாசிரியையிடம் கொடுப்பது என் வேலை. இந்த வாரம் ‘மார்பு’, ஆறு முறை. ஒன்பதாம் வகுப்பில் வாயே திறக்காத அந்தப் பெண்தான். சரியான அமுக்குணி! எனக்குச் சிரிப்புதான் வந்தது.

ஜூன் 15

அவள் இனி ஒரு மாதம் கணினி அறைக்கு வரக்கூடாது. அம்மாவை வரவழைத்து, விஷயத்தைச் சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். மகள் வாயைத் திறக்கவில்லை. “திமிரப் பாருங்க” என்றார் தலைமையாசிரியை. நானும் தலையாட்டினேன்.

ஜூன் 17

மாடிப்படியில் என்னை மறித்தாள்.

“மிஸ், நீங்களாவது நெட்ல பாத்துச் சொல்றீங்களா? அம்மாவுக்கு ஒரு கட்டி இருக்கு. வலிக்கலன்னா ஒண்ணுமில்லையா? அம்மா அப்படித்தான் சொல்றாங்க. டாக்டர்கிட்ட வரவே மாட்டேங்கறாங்க.”

“அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?”

“யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கியிருந்தாங்க. அன்னைக்குப் பக்கத்துலயே நின்னாங்களே மிஸ்.”

அறைக்கு ஓடினேன். பதிவில் அந்தச் சொல்லின் மேல் ஒரு தட்டு தட்டினால் முழு வரியும் தெரியும். மூன்று வருடமாக நான் தட்டியதே இல்லை.

‘மார்பில் கட்டி வலிக்காவிட்டால் பயமில்லையா’ — ஆறு முறையும் இதே கேள்வி.

இதுக்கா சிரிச்சேன்? நானெல்லாம் ஒரு டீச்சரா?

ஜூன் 18

அவர்கள் வீட்டுக்குப் போனேன். அம்மா கதவைப் பாதிதான் திறந்தார். “மறுபடியும் என்ன பண்ணிட்டா?”

“அவ ஒண்ணும் பண்ணல. தப்பு என்னோடது. வலி இல்லாட்டியும் காட்டணும், வாங்க, நானும் வர்றேன்.”

வெகு நேரம் அழுதார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டார்.

ஜூன் 24

சோதனை முடிவு வந்துவிட்டது. நல்லதாக இல்லை.

ஜூன் 25

தடைப் பட்டியலைத் திருத்தச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். “நாளைக்குப் பெத்தவங்க சண்டைக்கு வந்தா?” என்றார் தலைமையாசிரியை.

“என்கிட்ட அனுப்புங்க.”

முழு வரியையும் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவள் மேல் போட்ட தடையையும் நீக்கிவிட்டார்.

ஜூலை 20

மதிய இடைவேளையில் அவள் வந்தாள். “இப்ப எல்லாம் திறக்குமா மிஸ்?”

“திறக்கும்மா.”

ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள்: ‘மருந்தால் கொட்டிய முடி திரும்ப வளருமா.’

பெரும்பாலும் வளரும் என்று போட்டிருந்தது. இரண்டு தடவை படித்தாள். பிறகு அம்மாவுக்குக் காட்ட வேண்டும் என்று நோட்டை எடுத்து எழுதிக்கொள்ள ஆரம்பித்தாள்.