டூலிப் வளர்ந்த காலையில் சொன்ன பொய்

ஏனுங்க மாமா,

கூப்பிட்டால் உங்களுக்குக் கேட்குமோ என்னவோ. வெள்ளிக்கிழமை ஒரு பொய் சொல்லிவிட்டேன். உங்களைப் பற்றித்தான்.

நீங்கள் போன பிறகு சரவணம்பட்டியில் ஒரு பொக்கே கடைக்கு வேலைக்குப் போகிறேன். மாசியில் டூலிப் என்று ஒரு பூ வரும், குளிர்தேசத்துப் பூ, கிண்ணம் மாதிரி. அடித்தண்டைச் சீவி, பேப்பரில் இறுக்கிச் சுற்றி, ஜில்லென்ற தண்ணீரில் நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் வெளிச்சத்தைப் பார்த்து வளைந்துவிடும். வெட்டின பிறகும் அது வளரும் மாமா. வேர் இல்லாமல் எப்படித்தான் வளருதோ!

அதை மறந்து, ஒரு கல்யாணப் பொக்கேயில் டூலிப்பை முந்தின நாளே ரோஜாவின் உயரத்துக்குச் சமமாகக் கட்டிவிட்டேன். காலையில் மண்டபத்திலிருந்து போன். டூலிப் மட்டும் தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறதாம். முதலாளியம்மா என்னை ஆட்டோவில் ஏற்றிவிட்டார்.

கல்யாணப் பெண்ணின் அறையில் உட்கார்ந்து, பிரித்துச் சீவிக் கட்டினேன்.

"ஏனுங்கக்கா, நான் ஹீல்ஸ் போட்டதப் பாத்துப்போட்டு இதும் வளந்துருச்சுங்களா?" என்றாள் பெண். நானும் சிரித்துவிட்டேன்.

அப்போதுதான் அவளுடைய அம்மா, சேலையை இழுத்துப் போர்த்தியிருந்த என் கழுத்தைப் பார்த்தார். "உங்க ஊட்டுக்காரரு என்ன பண்றாருங்க அம்மணி?"

ஏன் கேட்கிறார் என்று தெரியாதா? தாலி இல்லாதவள் கையால் கல்யாணப் பெண்ணுக்குப் பூவா?

"சூலூர்ல தறி ஓட்டறாருங்க" என்றேன்.

ஓட்டினாருங்க இல்லை, ஓட்டறாருங்க. சொல்லும்போது வாய் இனித்தது மாமா. அதுதான் என்னைக் கொல்கிறது. அந்தம்மா சந்தோஷமாக என் தலையில் மல்லிகையை வைத்துவிட்டார். வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வேன்? பஸ் ஏறியதும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். வாசம் வீடு வரைக்கும் வந்தது.

உங்கள் சாவை ஒளித்துவிட்டேனே, அது என்ன திருட்டுப் பொருளா? நீங்கள் படுத்துக் கிடந்ததும் நான் அழுததும் நடக்கவே இல்லை என்று ஆக்கிவிட்டேனே. கோபமா மாமா?

நாளை மறுநாள் பெருந்துறையில் அந்தப் பெண்ணுக்கு ரிசப்ஷன். அந்த அக்காவே வரட்டும் என்று கேட்டிருக்கிறார்கள். தண்டு சீவக் கத்தியை எடுக்கும் முன்னால் அந்தம்மாவிடம் சொல்லிவிடுவேன். "எங்க ஊட்டுக்காரரு தவறிட்டாருங்க. அன்னிக்குப் பொய் சொல்லிப்போட்டனுங்க. நான் கட்டட்டுங்களா, வேண்டாமுங்களா?"

வேண்டாம் என்றால் பூவைத் தண்ணீரில் நிறுத்திவிட்டு, அடுத்த பஸ்ஸில் வந்துவிடுகிறேன். வேலை போனாலும் போகட்டும். உங்களை இனி எங்கேயும் ஒளிக்க மாட்டேன்.

இப்பவும் உங்க ஊட்டுக்காரி,
சரசு